கெடிலக்கரைக்கு வந்த பீரங்கிக் கணக்கர்

1690 செப்டம்பரில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர்கள் பீரங்கி சுட்டார்கள். எதிரே பகைவர் யாரும் இல்லை. நிலம் அளப்பதற்காகச் சுட்டார்கள். செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து அங்கிருந்த கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியிருந்தது. கோட்டையோடு சேர்ந்த நிலம் எதுவரை என்ற கேள்வி எழுந்தபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை என்று பேசி முடித்தார்கள். திசைக்கொரு குண்டு போட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம், கடலூர் நகரம் உட்பட, கம்பெனியின் கைக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது.

வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள். வெடிமருந்தை எவ்வளவு கிட்டிப்பது, குழாயின் வாயை எவ்வளவு உயர்த்துவது என்பதெல்லாம் அந்தக் காலத்தில் பீரங்கிக்காரரின் கைப்பழக்கத்தோடு முடிந்த விஷயம். குண்டு எந்த வேகத்தில் புறப்படுகிறது, காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு உலகில் எவரிடமும் சரியான கணக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் சுடுகிறவன் வைத்ததே எல்லை.

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய மனிதர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அதே கடற்கரையில் வந்து இறங்கினார். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். பீரங்கி வித்தையை அறிவியலாக்கியவர் என்று ஐரோப்பா கொண்டாடிய அவர், தமிழ்நாட்டில் வாழ்ந்தது ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலம்தான். அந்த ஓராண்டில் அவருடைய கோட்டையிலிருந்து மேற்கே பதினைந்து மைல் தொலைவில் உண்மையான பீரங்கிச் சண்டை நடந்தது. இடம் திருவதிகை.

இரண்டு இடங்களையும் கெடிலம் ஆறு இணைக்கிறது. பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலருகே ஓடிவரும் கெடிலம், தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் பக்கத்தில் கடலில் கலக்கிறது. எய்வதிலும் எரிப்பதிலும் திருவதிகைக்குப் புராணப் பெருமை உண்டு. அட்ட வீரட்டானங்களில் இது திரிபுரம் எரித்த தலம். மேருவை வில்லாகவும் வாசுகியை நாணாகவும் திருமாலை அம்பாகவும் கொண்டு, பறக்கும் மூன்று கோட்டைகளைச் சிவன் அழித்த கதை இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். சூலை நோயோடு வந்த மருணீக்கியார் தமக்கை திலகவதியாரால் இங்கே திருநீறு பெற்றுத் திருநாவுக்கரசர் ஆனார். உண்மை விளக்கம் எழுதிய மனவாசகங் கடந்தார் இவ்வூர்க்காரர். இத்தனை சைவ மணம் வீசும் கோயிலைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தளபதிகள் வேறு கண்ணால் பார்த்தார்கள். அவர்களுக்கு அது உயர்ந்த மதில் சூழ்ந்த, அருகில் ஆறும் பக்கத்தில் பேட்டையும் உள்ள, ஆயத்தமான கோட்டை. அவர்களின் குறிப்புகளில் ‘டிரிவடி’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் குவேக்கர்கள், அதாவது போரையே பாவமாகக் கருதிய கிறிஸ்தவப் பிரிவினர். பள்ளியில் பெரிதாகப் படிக்க வசதியில்லை. கணக்கில் மட்டும் யாரும் எதிர்பாராத கூர்மை. நியூட்டனின் ‘பிரின்கிபியா’ மூன்றாம் பதிப்பைப் பதிப்பித்த ஹென்றி பெம்பர்ட்டன் இளைஞரின் திறமையைக் கண்டு ஆதரிக்க, லண்டன் வந்தவர் 20 வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினராகிவிட்டார். கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். நியூட்டனுக்காகக் கணிதர் பெர்னூலியோடு மோதினார். நுண்கணிதத்தைக் கிண்டல் செய்த பிஷப் பெர்க்லிக்கு மறுப்பு எழுதினார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். பிரதமர் வால்போலுக்கு எதிராகத் துண்டு நூல்கள் எழுதினார். வால்போல் வீழ்ந்தபின் அவரை விசாரிக்க நாடாளுமன்றம் அமைத்த இரகசியக் குழுவுக்கு ராபின்ஸே செயலாளரானார்.

குவேக்கர் வீட்டுப் பிள்ளை பீரங்கியில் கை வைத்ததற்கு வேலை தேடியதும் ஒரு காரணம். 1741இல் உல்விச்சில் அரச இராணுவக் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. பீரங்கிப் படை அதிகாரிகளை உருவாக்குவதற்கான பள்ளி. அங்கே பேராசிரியர் பதவிக்கு ராபின்ஸ் முயன்றார். கிடைக்கவில்லை. அரசியல் பகை குறுக்கே நின்றது என்று அவருடைய நண்பர்கள் நம்பினார்கள். நடத்த எண்ணியிருந்த பாடங்களை 1742இல் நூலாக்கி வெளியிட்டார். ‘பீரங்கி வித்தையின் புதிய கோட்பாடுகள்’ என்று தமிழில் சொல்லலாம். வேலை கிடைத்திருந்தால் அந்த நூல் வகுப்பறையோடு நின்றிருக்கவும் கூடும்.

அதில் அவர் செய்தது, சொல்லும்போது எளிமையாகத் தோன்றும் காரியம். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க வேண்டும். அவ்வளவு வேகமாகப் போவதை எந்தக் கடிகாரத்தாலும் பிடிக்க முடியாது. சுமார் 56 பவுண்டு எடையுள்ள ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மரப்பலகை மீது குண்டைச் சுட்டார். குண்டு பலகையில் புதைந்துகொள்ளும். ஊசல் பின்னால் ஆடும். அது எவ்வளவு ஆடியது என்பதை ஊசலோடு கட்டிய நாடா காட்டிக் கொடுக்கும். குண்டின் எடையும் ஊசலின் எடையும் தெரிந்தால் மோதியபோது குண்டுக்கு இருந்த வேகம் கணக்கில் வந்துவிடும். வினாடிக்கு 1,600 முதல் 1,700 அடி வரை வந்தது. பள்ளி இயற்பியல் பாடத்தில் இன்றும் இந்தச் சோதனை உண்டு.

அடுத்த கண்டுபிடிப்பு பீரங்கிக்காரர்களின் தலையில் குண்டு போட்டது. கலிலியோ காலத்திலிருந்து குண்டின் பாதையை ஒழுங்கான பரவளைவு என்றே புத்தகங்கள் சொல்லிவந்தன. காற்றின் தடையைச் சில்லறை என்று ஒதுக்கிவிட்டன. ஊசலை அருகிலும் தூரத்திலும் நிறுத்திச் சுட்டுப் பார்த்த ராபின்ஸ், காற்று குண்டை அதன் எடையைப் போலப் பல மடங்கு வலுவோடு தடுக்கிறது என்று நிறுவினார். 24 பவுண்டு குண்டு காற்றே இல்லாத வெளியில் 16 மைல் போக வேண்டும். உண்மையில் அது மூன்று மைல்கூடப் போவதில்லை. வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இந்தத் தடை திடீரென்று பல மடங்காகிறது என்பதையும் கவனித்தார். விமானங்கள் ஒலியை முந்தப் பார்த்த இருபதாம் நூற்றாண்டில் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கல் அது.

சுழலும் குண்டு ஏன் விலகிப் போகிறது என்பதற்கு அவர் செய்த சோதனை இன்னும் சுவையானது. துப்பாக்கிக் குழாயின் நுனியை இடப்பக்கமாக வளைத்தார். எதிரே வரிசையாகக் காகிதத் திரைகள். சுட்டதும் குண்டு முதலில் இடப்பக்கம் போனது. போகப்போக வளைந்து வலப்பக்கம் வந்துவிட்டது. வளைந்த குழாயில் உரசிச் சுழன்றதால் வந்த வினை. கிரிக்கெட்டில் சுழலும் பந்து காற்றில் விலகுவதற்கும் இதுதான் இயற்பியல். பின்னால் வந்த ஜெர்மானியர் மாக்னஸ் பெயரால் இது வழங்கினாலும், நூறாண்டுக்கு முன்பே கண்டவர் இவர். 1746இல் ராயல் சொசைட்டி இவருக்குத் தன் உயரிய விருதான காப்லி பதக்கம் கொடுத்தது.

அதே 1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது.

பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா போர்தொனே கப்பல்களோடு வந்து ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துக்கொள்ள, ஆங்கிலேயரின் சோழமண்டலத் தலைநகரம் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. சென்னையை மீட்க ஆர்க்காட்டு நவாப் அனுப்பிய பெரும்படையை இரண்டே இரண்டு சிறு பீரங்கிகளோடு கோட்டையிலிருந்து வெளியே வந்த பிரெஞ்சுப் படையினர் நானூறு பேர் சிதறடித்தார்கள். ஒரு பீரங்கியைக் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் சுட முடியும் என்று நவாபின் குதிரைவீரர்கள் எண்ணியிருந்தார்களாம். பிரெஞ்சுக்காரர்கள் நிமிடத்துக்குப் பல தடவை சுட்டார்கள். சில நாட்களில் அடையாற்றங்கரையிலும் அதே கதை. லண்டனில் ராபின்ஸ் பலகையில் குண்டு புதைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, தமிழ்நாட்டில் பீரங்கி இப்படித்தான் தன் புதிய முகத்தைக் காட்டியது. தூரத்தால் வந்த மாற்றமில்லை. பழகிய கைகளின் சுறுசுறுப்பால் வந்தது.

ஆங்கிலேயர்கள் பதிலுக்குப் பதில் கொடுக்க 1748இல் தளபதி பாஸ்காவன் தலைமையில் பெரும் கடற்படையோடு புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். அரசரின் பீரங்கிப் படையும் வந்திருந்தது. முற்றுகை, வித்தை தெரியாதவர்கள் நடத்திய கூத்தாகிவிட்டது. முதலில் அரியாங்குப்பம் கோட்டையைப் பிடிக்கப் போனார்கள். அங்கே பொறியாளர்கள் எழுப்பிய பீரங்கி மேட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே அடர்ந்த தோப்பு; குறி தெரியவில்லை. படையில் அனுபவம் மிக்கவரான பீரங்கிப்படை மேஜர் குடியர் படுகாயமடைந்து இறந்தார். மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் சிறைப்பட்டார். பிறகு புதுச்சேரி மதிலுக்கு எதிரே பதுங்குகுழி வெட்டத் தொடங்கினார்கள். வழக்கமாக 800 கஜத்தில் தொடங்க வேண்டியதை 1,500 கஜத்தில் தொடங்கினார்கள். மழைக்காலம் வந்து சேர்ந்தது. முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியபோது 1,065 ஐரோப்பியர் சண்டையிலும் நோயிலும் இறந்திருந்தனர். அவர்களில் 43 பேர் பீரங்கிக்காரர்கள்.

உள்ளே இருந்தவர்களின் பக்கத்தை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படிக்கலாம். நகருக்குள் வந்து விழுந்த குண்டுகளையும் அவற்றுக்கு அஞ்சி ஓடிய மக்களையும் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துபாஷியான அவர் அன்றாடம் எழுதிவைத்தார். அந்த முற்றுகைக் கலவரத்தினிடையேதான் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது.

சென்னையை இழந்த பிறகே கம்பெனிக்குப் புத்தி வந்திருந்தது. பழைய பீரங்கிக் கொட்டடிகளைக் கலைத்துவிட்டு, சென்னை, பம்பாய், வங்காளம் மூன்றிலும் முறையான பீரங்கிப் படை அமைக்க 1748இல் உத்தரவு போட்டது. அந்த ஏற்பாட்டில் படையின் கேப்டனே முதன்மைப் பொறியாளரும்கூட. சம்பளம் ஆண்டுக்கு 200 பவுண்டு. விதிகளில் ஒன்று இன்று படிக்க வேடிக்கையாக இருக்கும். மருந்து தயாரிக்கும் கூடத்துக்குள்ளும் ஆயுதக் கிடங்குக்குள்ளும் அயல்நாட்டார், இந்நாட்டார், கலப்பினத்தார் எவரும் கால்வைக்கக் கூடாது. எந்த நாட்டுக் கத்தோலிக்கரும் கூடாது. நடைமுறையில் அந்தப் பீரங்கிகளை மாடு பூட்டி இழுத்தவர்களும், சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்களும் இந்நாட்டு லஸ்கர்களும் மாட்டுக்காரர்களும்தாம். கிடங்கு வாசலில்தான் அவர்களுக்குத் தடை.

கோட்டைகளைச் சீரமைக்கக் கம்பெனி ஆள் தேடியது. ராபின்ஸ் அப்போது ஐரோப்பாவில் பேர்பெற்ற ஆள். பெர்லினில் லெயோன்ஹார்ட் ஆய்லர் 1745இலேயே அவருடைய நூலை ஜெர்மனில் பெயர்த்து, மூலத்தைப் போலப் பல மடங்கு விளக்கமும் எழுதிச் சேர்த்திருந்தார். 1749இல் லண்டனில் நடந்த பெரிய அரச வாணவேடிக்கையின்போது வாணங்கள் எவ்வளவு உயரம் போகின்றன என்று அளந்து கட்டுரை எழுதினார் ராபின்ஸ். ஆன்சன் பிரபுவின் உலகப் பயண நூலில் பெரும்பகுதி அவர் எழுதியது என்பார்கள். தலைப்புப் பக்கத்தில் இருப்பது கப்பல் பாதிரியார் ஒருவரின் பெயர். போர்முனை அனுபவம் மட்டும் அவருக்கு இல்லை. டச்சுக்காரர்கள் பெர்கன்-ஓப்-ஸோம் கோட்டையைக் காக்க அவரை அழைத்தார்கள்; அவர் போய்ச் சேர்ந்த கையோடு கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்துவிட்டது.

அவர் முன்னே இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, கனடாவில் எல்லைத் தகராறு தீர்க்கப் பாரிசுக்குப் போகும் தூதுக்குழு. மற்றது, கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பதவி. ஐந்தாண்டு பணி செய்தால் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 500 பவுண்டு. ராபின்ஸ் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். வானியல் கருவிகளும் சோதனைக் கருவிகளும் முழுத் தொகுதியாகக் கட்டிக்கொண்டு 1749 கிறிஸ்துமஸ் சமயத்தில் புறப்பட்டார். கூட வந்த உதவியாளர்களில் ஜான் கால் என்ற பதின்வயது இளைஞரும் ஒருவர். 1750 ஜூலை 13 அன்று செயின்ட் டேவிட் கோட்டையை அடைந்தார்கள்.

அவர் வந்து இறங்கிய சமயம் கெடிலக்கரை கொதித்துக்கொண்டிருந்தது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இருவர் போட்டி. ஆம்பூர்ப் போரில் 1749இல் இறந்த அன்வருதீனின் மகன் முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிபுக்குத் தூப்ளே துணை. தூப்ளே அனுப்பிய படை திருவதிகைக் கோயிலைப் பிடித்துக்கொண்டது. அது தேவனாம்பட்டினத்துக்குக் கழுத்தில் வைத்த கத்தி. உள்நாட்டிலிருந்து கடலூருக்கு வரும் துணியும் தானியமும் அந்த வழியில்தான் வர வேண்டும். கோயிலை மீட்க முகமது அலி ஏறக்குறைய 20,000 பேரோடு வந்தார். கேப்டன் கோப் தலைமையில் 400 ஐரோப்பியரும் 1,500 சிப்பாய்களும் தேவனாம்பட்டினத்திலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

பிரெஞ்சுப் படை தோப்பொன்றில் அரண் அமைத்து உட்கார்ந்திருந்தது. இரு தரப்பும் பீரங்கியால் அடித்துக்கொண்டன. மண்மேட்டுக்குப் பின்னால் இருப்பவனைச் சிறு பீரங்கிகளால் அசைக்க முடியாது என்பது மட்டுமே அன்று தெளிவாயிற்று. பிறகு வழக்கமான தகராறு வந்தது. ஆங்கிலப் படையின் செலவுக்கு நவாப் பணம் தர வேண்டும். நவாபிடம் பணம் இல்லை, அல்லது தர மனமில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து உத்தரவு வந்தது, கோப் தம் ஆட்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இதற்காகவே காத்திருந்த பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் சில நாட்களிலேயே நவாபின் பாளையத்தைத் தாக்கினார். இருபதாயிரம் பேர் கொண்ட படை சிதறியது. முகமது அலி விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஆர்க்காட்டுக்கு ஓடினார். அடுத்த சில நாட்களில் பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையையே ஓர் இரவில் பிடித்துவிட்டார்.

உலகிலேயே பீரங்கியை அதிகம் அறிந்தவர் பதினைந்து மைல் கிழக்கே இருந்தும் இந்தச் சண்டையில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. திருவதிகையைத் தீர்மானித்தது சம்பளப் பாக்கி. குண்டின் வேகத்தைக் கண்டவரால் நவாபின் கஜானாவை நிரப்ப முடியுமா?

கம்பெனி அவரை அழைத்தது சுடுவதற்கு அன்று, கட்டுவதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். குண்டு எப்படிப் போகும் என்று தெரிந்தவனுக்குத்தான் மதிலை எங்கே வளைப்பது, கொத்தளத்தை எந்தக் கோணத்தில் நீட்டுவது, எதிரி மேடு போடக்கூடிய இடத்தை எப்படி முன்கூட்டியே அடைப்பது என்பதெல்லாம் தெரியும். சென்னைக் கோட்டை 1749இல்தான் உடன்படிக்கைப்படி திரும்பக் கிடைத்திருந்தது. அதற்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் ராபின்ஸ் திட்டங்கள் வரைந்தார். செப்டம்பரில் காய்ச்சல் கண்டது. தேறினார்; உடல் பழையபடி ஆகவில்லை. வேலையை விடவில்லை. 1751 ஜூலை 29 அன்று கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவோடு இறந்தார். வயது 44. கருவிகளை வைத்து இந்திய வானத்தை அளக்கும் எண்ணமெல்லாம் பெட்டிக்குள்ளேயே முடிந்தது.

அந்த ஜூலையில் கம்பெனியின் முன்னாள் எழுத்தர் ராபர்ட் கிளைவ் விருத்தாசலம் கோயிலுக்குப் படைத்துணை கொண்டுபோய்த் திரும்பியிருந்தார். அதுவும் கோட்டையாக்கப்பட்ட கோயில். அடுத்த மாதம் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்டுப் போய் ஆர்க்காட்டைப் பிடித்தார். எட்டு அதிகாரிகளில் நால்வர் கணக்கெழுதும் வேலையிலிருந்து வந்தவர்கள். ராபின்ஸின் நூலை அவர்களில் எவராவது புரட்டியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

திருவதிகை இதற்குப் பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1752 ஜூலையில் திருச்சியிலிருந்து திரும்பிய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கோயிலை மீட்டார். 1753 தொடக்கத்தில் அவர் அங்கே பாளையம் இறங்கியிருக்க, பிரெஞ்சுக்காரர்கள் அருகே பெண்ணையாற்றங்கரையில் அகழி வெட்டி, அலங்கம் கட்டி, பீரங்கிகளை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களோடு முராரி ராவின் ஆயிரக்கணக்கான மராட்டியக் குதிரைகள். லாரன்ஸ் ஒரு தடவை முழுப் படையோடு போய் அந்த அரணைப் பீரங்கியால் அடித்துப் பார்த்தார். பயனில்லை, மதில் இடிக்கும் கனத்த பீரங்கி வேண்டும் என்று திரும்பிவிட்டார். அவருடைய தலைவலி வேறு. சோறும் மருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்து வர வேண்டும். மாட்டு வண்டிகள் போகும் அந்தப் பதினைந்து மைல் முழுக்க மராட்டியக் குதிரைகள் வட்டமிட்டன. சுமை கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் பாதிப் படையோ முழுப் படையோ காவலுக்குப் போக வேண்டியிருந்தது. ஏப்ரலில் அப்படி ஒரு சுமைக்காகவே பெரிய சண்டை நடந்தது.

அந்த மாதமே திருச்சியிலிருந்து செய்தி வந்தது: கோட்டையில் மூன்று வாரத்துக்குத்தான் தானியம் இருக்கிறது. களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த நவாபின் உறவினர் தானியத்தை விற்றுக் காசாக்கிவிட்டார். லாரன்ஸ் உடனே திருச்சிக்கு ஓட, திருவதிகையில் கேப்டன் சேஸ் சுமார் 150 ஐரோப்பியரோடும் 500 சிப்பாய்களோடும் விடப்பட்டார். எதிரிகள் வந்தபோது கோயிலை விட்டுத் துணிந்து வெளியே போன பிரிவை மராட்டியக் குதிரைகள் சூழ்ந்து அழித்தன. உள்ளே மிஞ்சிய ஐரோப்பியர்கள் சாராயக் கிடங்கில் புகுந்து வெறிக்கக் குடித்துவிட்டுக் கலகம் செய்தார்கள். சேஸ் சரணடைந்தார், சிறையில் காய்ச்சலில் இறந்தார். மூன்று ஆண்டுகளில் திருவதிகையின் தலைவிதியைச் சம்பளமும் அரிசியும் சாராயமும் எழுதின. பீரங்கி சத்தம் போட்டதோடு சரி.

ராபின்ஸின் மதில் கணக்கு வேலை செய்ததா என்று பார்க்க 1758 வரை போக வேண்டும். அந்த ஆண்டு புதிய பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். செயின்ட் டேவிட் கோட்டை ஜூன் 2 அன்று விழுந்தது. லாலி அதைத் தரைமட்டமாக்கினார்; தேவனாம்பட்டினத்தில் இன்று நிற்பது அதன் மிச்சம். டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். அங்கே கதை மாறிவிட்டது. ராபின்ஸ் தொடங்கிவைத்த திட்டங்களைப் பின்வந்த பொறியாளர்கள் திருத்தியும் விரித்தும் ஜார்ஜ் கோட்டையின் மேற்குப் பக்கத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். முற்றுகையின்போது முதன்மைப் பொறியாளர் பழைய உதவியாளர் ஜான் கால். ஒவ்வொரு நாளும் எத்தனை குண்டு வந்தது, எந்தக் கொத்தளம் உடைந்தது, இரவோடு இரவாக எதை அடைத்தோம் என்று குறித்துக்கொண்டே இருந்தார். இரண்டு மாதங்களுக்குமேல் போராடியும் உள்ளே நுழைய முடியாமல் 1759 பிப்ரவரியில் லாலி திரும்பினார். புதுச்சேரியில் பாஸ்காவன் பட்ட அவமானத்துக்கு இது கணக்குத் தீர்த்தது போலாயிற்று.

நூலின் பயணம் வேறு பாதையில் போனது. ராபின்ஸ் எழுதியவற்றை நண்பர் ஜேம்ஸ் வில்சன் 1761இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஆய்லரின் ஜெர்மன் விளக்கத்தை ஆங்கிலேயர்களே 1777இல் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சிலும் அது வந்தது. 1788இல் ஓசோன் பீரங்கிப் பள்ளியில் இருந்த நெப்போலியன் என்ற இளம் அதிகாரி அதைப் படித்துக் குறிப்பெடுத்தார். தமிழ்நாட்டிலோ ராபின்ஸ் அளந்து பார்த்த வாணம் வேறு உருவெடுத்து வந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படையைச் சூழ்ந்து அழித்த போரில் இரும்புக் குழாய் வாணங்கள் பாய்ந்தன. கம்பெனியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின.

ஜான் கால் வசதியாக ஊர் திரும்பினார். நாடாளுமன்ற உறுப்பினரானார், 1791இல் பேரனெட் பட்டமும் பெற்றார். குருவுக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது: இந்த மண்ணில் இருபது ஆண்டுகள், கொஞ்சம் ஓய்வு. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போன பயணத்தில் உச்சிவெயிலுக்கு ஒரு சத்திரத்தில் மல்லாந்து படுத்திருந்தபோது, மேற்கூரையில் பன்னிரண்டு ராசிகளும் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் படுத்தபடியே பென்சிலால் வரைந்தார். மதுரைத் தெப்பக்குளத்து நடுமண்டபத்திலும் அவை இருந்ததாக நினைவு வைத்திருந்தார். அந்த ஓவியத்தை அரச வானியலர் மேஸ்கலினுக்கு அனுப்பினார். 1772இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாயிற்று. ராபின்ஸின் வாணக் கட்டுரை வெளிவந்ததும் அதே இதழில்தான்.